கைசேக்கி விருந்துக்குப் போகுமுன்

விடுமுறைக்கு ஜப்பான் செல்லும் நம்மவர்கள் பலர், ஒரு நாளாவது ‘கைசேக்கி’ விருந்து உண்டு பார்க்க விரும்புகிறார்கள். தேநீர்ச் சடங்கோடு பரிமாறப்பட்ட எளிய உணவிலிருந்து வளர்ந்தது இது. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் இதனை ஒரு சூப், மூன்று கறி என்ற அளவில் வைத்திருந்தார். இன்றோ பத்துப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறு உணவகங்களில் எட்டுப் பத்துத் தட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜப்பான் கடலோரத்துக் கனசாவா நகரில் குளிர்காலத்தில் போனால் பனி நண்டு, இனிப்பு இறால், கொழுப்பு நிறைந்த ‘புரி’ மீன் ஆகியவை கிடைக்கும்.

இங்கே என்ன சமைப்பது என்பதை அன்றைய மீனைப் பார்த்துச் சமையற்காரரே முடிவு செய்வார். ஆகவே உடல்நலம் பற்றிச் சொல்ல வேண்டியதை மேசையில் அல்ல, இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

நன்மையும் உப்பும்

அளவு சிறிது, எண்ணெய் குறைவு, மீனும் மரக்கறியும் அதிகம், ஆறுதலாக உண்ணும் முறை. இவையெல்லாம் உடலுக்கு நல்லவை. ஆனால் உப்பைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மீனின் ஓரத்தை மட்டும் சோஸில் தொட்டுக்கொள்ளலாம். மிசோ சூப்பைப் பாதியோடு நிறுத்தலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

நமக்குச் சோறு முதலில் வரும். கைசேக்கியில் அது கடைசியில்தான் வரும். முதல் தட்டு வந்ததும் வழமைபோல் இன்சுலின் போட்டுவிட்டால், சோறு வருமுன்பே இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சீனியைக் குறைக்கும் சில குளிசைகளாலும் இது நேரலாம். கூடவே சாக்கே மது அருந்தினால் ஆபத்து மேலும் கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். எப்போது, எவ்வளவு போடுவது என்று பயணத்துக்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். குளுக்கோஸ் இனிப்பைக் கையில் வைத்திருங்கள்.

பச்சை மீன்

‘இன்று பிடித்த மீன்’ என்பது சுவைக்கு உத்தரவாதம், புழுவுக்கு அல்ல. கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் அனிசாக்கிஸ் என்ற சிறு புழு இருக்கலாம். வசாபி, வினாகிரி, சோயா சோஸ் எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உறையவைத்தால் அல்லது நன்கு சமைத்தால் அது இறந்துவிடும். தேர்ந்த சமையற்காரர் மீனின் குடலை உடனே அகற்றி, தசையையும் பார்த்துத்தான் வெட்டுவார். இதனால் ஆபத்து குறையும், முற்றாக நீங்காது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல் வயிற்றில் கடும் வலி, வாந்தி வந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பச்சை மீன் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். குழாய்க் கருவி மூலம் புழுவை எடுத்துவிடலாம்.

ஈரல் நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார்

பச்சை மீனும் பச்சைச் சிப்பியும் வேண்டாம். சமைத்துத் தரும்படி கேளுங்கள். சில பெரிய மீன்களிலும் ஆழ்கடல் மீன்களிலும் பாதரசம் அதிகம். நீலத்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, வாள்மீன், கின்மெதாய் ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் வாரத்துக்கு 80 கிராம் அளவோடு நிறுத்த வேண்டும் என்று ஜப்பானியச் சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது.

ஒவ்வாமையும் சைவமும்

இறால், நண்டு ஒவ்வாதவர்கள் அந்தத் துண்டை ஒதுக்கினால் போதாது. அதன் சாறு மற்றத் தட்டிலும் சேர்ந்திருக்கலாம். சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

சைவர்களும் விரத நாள் பார்ப்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும். வெறும் மரக்கறித் தட்டாகத் தெரிந்தாலும், ‘தாஷி’ என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் செய்யப்படுவது. இவர்களுக்கு ஏற்றது ‘ஷோஜின் ரியோரி’ எனும் பௌத்த ஆலயச் சைவ உணவு.

பதிவு செய்யும்போது சொல்ல வேண்டியவை

1. ஒவ்வாத உணவுகள்
2. கர்ப்பமா, பச்சை மீன் வேண்டாமா
3. சைவமா
4. நீரிழிவு இருந்தால், சோறு எத்தனை மணிக்கு வரும் என்ற கேள்வி

இவற்றை ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதுவித்து, போகும்போதும் கொண்டு செல்லுங்கள். அன்றைய மீன் காலையிலேயே வாங்கப்பட்டுவிடும். மேசையில் அமர்ந்தபின் சொன்னால் மாற்றிச் சமைக்க அவர்களிடம் வேறு பொருள் இராது.