எஞ்சின் மாற்றமும் மவுண்டிங் ரப்பரும்

சொந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்துள்ள நம் குடும்பங்கள் சிலவற்றில் தந்தையார் வாங்கிய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ இன்றும் துணி போர்த்தி நிற்கக் காண்கிறோம். விற்க மனம் வருவதில்லை. ஓட்டவோ எஞ்சினில் வலு இல்லை. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உதிரி பாகங்கள் கிடைக்கும் இடங்களும் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. இந்நிலையில், "வேறு எஞ்சினைப் பொருத்தி ஓட்டினால் என்ன?" என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. இது புதுமையான எண்ணமும் அன்று. அம்பாசடரைச் செய்தவர்களே 1990களில் அதன் பழைய எஞ்சினுக்குப் பதிலாக இசுசு எஞ்சினை அமைத்து விற்றார்கள்.

எஞ்சினை மாற்ற முனைவோர் எஞ்சினின் விலையைக் கேட்கிறார்கள், கியர் பெட்டியைக் கேட்கிறார்கள், மைலேஜைக் கேட்கிறார்கள். அந்த எஞ்சின் எதன்மேல் உட்காரப் போகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் வேலை நன்றாய் முடிவதும் வீணாய்ப் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன. நம் ஊர்ப் பட்டறைகளில் 'எஞ்சின் மவுண்டிங்' என்றும், வடநாட்டுக் கடைகளில் 'ஃபவுண்டேஷன்' என்றும் வழங்கும் அந்தச் சிறு ரப்பர்க் கட்டைகளைப் பற்றி இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

மவுண்டிங் செய்யும் வேலை

மவுண்டிங்கிற்கு மூன்று கடமைகள் உண்டு. எஞ்சினின் பாரத்தைத் தாங்குவது முதற்கடமை. எஞ்சினின் அதிர்வு வண்டிக் கூட்டிற்குப் பரவாமல் காப்பது இரண்டாவது. சக்கரத்தைச் சுழற்றும்போது எஞ்சின் தானே எதிர்த்திசையில் திரும்ப முயலும். அதனைப் பிடித்து நிறுத்துவது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது கடமைக்கு ரப்பர் மென்மையாக இருக்கவேண்டும். மூன்றாவதற்கு உறுதியாக இருக்கவேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி காண்பதுதான் மவுண்டிங் தேர்வின் முழு இரகசியம்.

மூன்றாவது கடமை எத்தகைய சுமை என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். எஞ்சினின் முறுக்கு விசை 10 கிலோகிராம்-மீட்டர் என்றும், முதற் கியரின் விகிதம் 3.8 என்றும் கொள்வோம். எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாய் இணைந்த பின்சக்கர வண்டியில், மவுண்டிங்குகள் தாங்கவேண்டிய முறுக்கு 38 கிலோகிராம்-மீட்டர் ஆகிவிடும். இரு முன் மவுண்டிங்குகளுக்கும் இடையே அரை மீட்டர் தூரம் இருப்பின், ஒரு பக்கம் 76 கிலோ விசை மேல்நோக்கியும் மறுபக்கம் அதே விசை கீழ்நோக்கியும் செல்லும். பின் மவுண்டிங் இதில் சிறிது பங்கு கொள்ளும் என்பது உண்மையே. எனினும், ஒரு மவுண்டிங்கின்மேல் உள்ள நிலையான பாரம் 60 கிலோ மட்டுமே என்றால், ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பும் அந்த நொடியில் ஒரு பக்கத்து ரப்பர் அமுங்குவதற்குப் பதிலாக இழுபடத் தொடங்கும். ரப்பர் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பை நெடுநாள் தாங்காது. முன்புறமிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சினில் மேலெழுவது வண்டியின் இடப்பக்கம். இடப்பக்க மவுண்டிங் முதலில் கிழிவது இதனாலேதான்.

கிழிந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரும் பாடம் கிடைத்தது. 1960களில் வெளியான செவ்ரலே வண்டிகள் பலவற்றில் மவுண்டிங் பிரிந்து, எஞ்சின் மேலெழுந்து, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்டது. ஓட்டுபவர் காலை எடுத்தபின்னும் வண்டி சீறிப் பாய்ந்தது. 1971ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 67 லட்சம் வண்டிகளை அந்நிறுவனம் திரும்ப அழைக்க நேர்ந்தது. எஞ்சின் மேலெழாமல் தடுக்க ஒரு கம்பிக் கயிறு கட்டுவதே பரிகாரமாயிற்று. எளிய கயிறுதான், ஆயினும் உயிரைக் காக்கும் கயிறு.

அதிர்வின் கணக்கு

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வெடிக்கும். நிமிடத்திற்கு 750 சுற்று வீதம் வண்டி நின்றபடி ஓடுகையில் நொடிக்கு 25 துடிப்புகள் உண்டாகின்றன. ரப்பர்மேல் அமர்ந்த எஞ்சினுக்கும் தனக்கென ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. துடிப்பின் வேகம் அந்த இயல்பு வேகத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். தாண்டாவிடில் அதிர்வைப் பெருக்கியே காட்டும். ஆகவே இங்கே இயல்பு வேகம் நொடிக்கு 17க்குக் கீழே இருந்தே தீரவேண்டும். 10 அளவில் இருந்தால் நலம். எஞ்சினின் பாரம் இறங்கியதும் ரப்பர் மூன்று நான்கு மில்லிமீட்டர் அமுங்குமானால் அந்த நிலையை ஒருவாறு எட்டிவிட்டோம் என்று கொள்ளலாம். சிறிதும் அமுங்காத கட்டை, மவுண்டிங் அன்று; வெறும் கட்டையே. பழைய டயரை வெட்டி அடுக்கி வைக்கும் பட்டறைப் பழக்கம் தவறு என்பது இதனாலேயே விளங்கும்.

1931இல் பிளைமௌத் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனத்தார் 'மிதக்கும் விசை' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். முன்னே உயரத்தில் ஒன்றும், பின்னே தாழ்வில் ஒன்றுமாக மவுண்டிங்குகளை வைத்து, அவற்றை இணைக்கும் கோடு எஞ்சினின் பார மையத்தின் ஊடே செல்லுமாறு அமைத்தனர். தன் இயல்பான அச்சின்மேல் எஞ்சின் அசைய இடம் கொடுத்தால் வண்டிக் கூடு அசையாது என்பதே அதன் தத்துவம். முன்னே இரண்டு மவுண்டிங்குகளை உள்நோக்கிச் சாய்த்து வைக்கும் இக்கால முறையும் அத்தத்துவத்தின் வழி வந்ததே. சாய்த்து வைப்பதால் ரப்பர் இழுபடுவதும் குறைகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

புதிய எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் மவுண்டிங் ரப்பரையே வாங்குக. அந்த எஞ்சினின் பாரத்துக்கும் துடிப்புக்கும் ஏற்ற ரப்பரை அதனைச் செய்தவர்கள் முன்பே சோதித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினில் பூட்டும் இரும்புக் கையையும் அப்படியே வைத்துக்கொள்க. மாற்றிச் செய்யவேண்டியது வண்டிப் பக்கத்து இரும்புக் கை மட்டுமே. ஆனால் முன்சக்கர வண்டியில் குறுக்காகப் படுத்திருந்த எஞ்சினை நெடுக்காக அமர்த்தினால், அதன் பழைய மவுண்டிங்குகள் பயன்படா. சுமை விழும் திசையே மாறிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சினை வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்க. டீசல் எஞ்சின் கனமானது; நின்று ஓடுகையில் அதன் துடிப்பும் வலியது. பழைய பெட்ரோல் ரப்பர் அதன்கீழ் நசுங்கிவிடும். நசுங்காதிருக்கவென்று மிகக் கடினமான பாலியூரித்தேன் கட்டையை வைத்தால், கண்ணாடி முதல் கதவு வரை அனைத்தும் கடகடக்கும்.

இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி உருக்குலையும். ஆகையால் எஞ்சினின் எண்ணெய்க் கசிவை முதலில் நிறுத்துக. புகைக்குழாய் அருகே உள்ள மவுண்டிங்கிற்கு ஒரு தகட்டு மறைப்பும் வேண்டும். புதுப்பேட்டையிலும் டில்லி மாயாபுரியிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் பழைய எஞ்சின் வாங்கலாம். பழைய ரப்பரை மட்டும் வாங்கற்க.

பொருத்தும் முறை

அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கூடே சேஸிஸ். மெல்லிய தகட்டில் இரும்புக் கையை நேராகப் பற்றவைத்தால் சில ஆண்டுகளில் தகடு விரியும். ஆகவே அகலமான தகடொன்றை இடையே வைத்துச் சுமையைப் பரப்புதல் வேண்டும். முன்சக்கரத்துக்கு வில்லாக நெடுக்கே ஓடும் டார்ஷன் கம்பிகளை எந்தக் கையும் தொடலாகாது.

முதலில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் உள்ளே தொங்கவிட்டு இடம் பாருங்கள். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையிலும், எண்ணெய்த் தொட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையிலும், மேலே பானெட்டுக்கும் எஞ்சின் அசையப் போதுமான இடைவெளி வேண்டும். கியர் பெட்டியின் பின்தண்டும் பின்னச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும்; இடையிலுள்ள புரொப்பெல்லர் தண்டின் சாய்வு இரு முனையிலும் சமமாகவும், மூன்று பாகைக்கு மிகாமலும் இருத்தல் நன்று. இது பிழைத்தால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உதறும். எத்தனை உயர்ந்த ரப்பரும் அந்த உதறலை மறைக்காது.

இடம் முடிவானபின் கைகளைப் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, ரப்பரைக் கழற்றியபின் முழுப் பற்றவைப்பைச் செய்க. சூட்டில் ரப்பருக்கும் இரும்புக்கும் உள்ள ஒட்டுதல் விட்டுப்போகும். எஞ்சினின் முழுப் பாரமும் இறங்கிய பின்னரே போல்ட்டுகளை இறுக்கவேண்டும். இறுதியாக எஞ்சினிலிருந்து கூட்டிற்கு ஒரு எர்த் பட்டையும், எஞ்சினை மேலெழாமல் தடுக்கும் ஒரு கயிறோ தடுப்போ அமைக்கவும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டை இல்லாவிடில் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர்க் கம்பியின் வழியே பாய்ந்து அதனை எரித்துவிடக்கூடும்.

சட்டம் சொல்வது

பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் போவது முறை. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் எழுதப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகைக்கும் இடையூறு நேரலாம்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகத் தனியே பதியலாம். ஆனால் அதன் சேஸிஸும் கூடும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் மூல உருவில் இருக்கவேண்டும். உங்கள் இல்லத்து வண்டி 1970க்கு முன் பிறந்ததாயின், எஞ்சினை மாற்றும் அன்றே அந்தத் தகுதியை இழக்கக்கூடும். அத்தகைய வண்டிக்குப் பழைய எஞ்சினையே செப்பனிட்டு, மவுண்டிங்கை மட்டும் புதிதாய் மாற்றுவதே அறிவுடைமை. முதுமையென்று நாம் எண்ணிய நடுக்கம் பலவேளைகளில் இற்றுப்போன ரப்பரின் நடுக்கமே. எஞ்சின் மாற்றத்திற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் புது ரப்பரின் விலை மிகச் சிறிது. முதலில் அதனை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு எஞ்சினைப் பற்றி முடிவு செய்க என்பதே வாசகர்களுக்கு நாம் கூறும் யோசனை.