ஆம்போடெரிசின்-பி: லிப்போசோமல் மருந்தும் சாதாரண மருந்தும் ஒன்றல்ல

கருப்புப் பூஞ்சை, காலா அசார் ஆகிய நோய்களுக்கு அளிக்கப்படும் ஆம்போடெரிசின்-பி ஊசி மருந்தில் பல வகைகள் உண்டு. சாதாரண வகை கிருமியை அழிக்கும். ஆயினும் குளிர் நடுக்கத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். லிப்போசோமல் வகையில் அதே மருந்து, நுண்ணிய கொழுப்புக் கோளங்களின் சுவரில் பொதிக்கப்பட்டுள்ளது. மருந்து பெருமளவும் கோளத்துடனேயே இரத்தத்தில் செல்வதால் சிறுநீரகத்தின் மீதான தாக்கம் குறைகிறது. இத்தகைய கோளங்களை 1960-களில் இங்கிலாந்து அறிவியலாளர் அலெக் பாங்காம் விவரித்தார்.

நீங்கள் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது அளவு. கருப்புப் பூஞ்சைக்கு லிப்போசோமல் வகை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேலும் நாள்தோறும் தரப்படுகிறது. சாதாரண வகையோ 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. தாண்டினால் இதயமும் சுவாசமும் நின்றுவிடக்கூடும்.

எனவே வெளியில் மருந்து வாங்க நேர்ந்தால், சீட்டில் உள்ள ‘லிப்போசோமல்’ என்னும் சொல் குப்பியிலும் உள்ளதா எனப் பாருங்கள். ‘எல்லாம் ஒரே மருந்துதான்’ என்று விலை குறைந்த வேறு குப்பியைத் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஏற்க வேண்டாம். ஊசி ஏற்றுமுன் குப்பியைச் செவிலியரிடம் காட்டுங்கள்.

லிப்போசோமல் வகைக்கும் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனைகள் தேவை. சிறுநீர் குறைந்தாலோ தசைகள் தளர்ந்தாலோ உடனே தெரிவியுங்கள்.