கந்தரோடைத் தூபிகள் யாருடையவை?

சுன்னாகச் சந்தையிலிருந்து மேற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால், பனைகள் சூழ்ந்த கந்தரோடையில் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆன சிறு தூபிகள் கூட்டமாக நிற்கக் காணலாம். 1917-ஆம் ஆண்டை ஒட்டிச் சேர் போல் பீரிஸ் என்பார் இவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார். 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தமிழகத்துப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள் வெளிப்பட்டன. தூபிகள் துறவியரின் எலும்புகளை வைத்து எழுப்பப்பட்டனவோ, நேர்த்திக்காகக் கட்டப்பட்டனவோ என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை.

ஆனால் தெருவில் எழும் வினா வேறு. இவை யாருடையவை? சிங்களவர் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று என்பர் ஒரு சாரார். அதற்கு அஞ்சிப் பௌத்தம் என்ற சொல்லையே ஒதுக்குவர் மற்றொரு சாரார். 1983 முதல் 2009 வரை போரினால் வெந்த நாட்டில் அவ்வச்சம் காரணமற்றது என்று நாம் கூறமாட்டோம். எனினும், மணிமேகலையைப் பாடமாகப் படித்த நாமே பௌத்தத்தைப் பிறர் பொருளென்று தள்ளிவிடுவது விந்தையன்றோ!

அக்காப்பியத்தில் மணிபல்லவத் தீவிலே நாக அரசர் இருவர் ஒரு பீடத்துக்காகப் போர் புரிகின்றனர். இருவரும் அது தமதென்கின்றனர். புத்தர் தோன்றி, அது தம்முடையதென்று கூறி, அதில் அமர்ந்து அறம் உரைக்கின்றார். பாளி மொழியிலுள்ள மகாவம்சமும் நாகதீபத்தில் நடந்ததாக இதையொத்த கதையைச் சொல்கின்றது. அங்கே போரிடுவோர் மாமனும் மருமகனும். இரு நூல்களையும் அருகருகே வைத்து ஆராயும் ஆற்றல் நம் மாணாக்கர் எத்தனை பேருக்கு உண்டு?

ஆதலின், அவருட் சிலரேனும் பௌத்தத்தைப் பட்டப்பின் படிப்பாகக் கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு. களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1975-இல் இதற்கென ஒரு நிறுவகம் தோன்றியது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940-இலேயே வழி காட்டிற்று. யாழ்ப்பாணத்திற் கற்பித்த பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை, சுவீடனின் உப்சாலாவில் பீற்றர் ஷல்க்குடன் கூடி உழைத்ததன் பயனாக, தமிழரிடைப் பௌத்தம் பற்றிய இரு பெருந்தொகுதிகள் 2002-இல் வெளிவந்தன.

இப்படிப்பில் தியானமும் ஒரு பாடம். சமாதானமும் ஒரு பாடம். போரை நிறுத்துவது வேறு, சமாதானத்தைக் கட்டியெழுப்புவது வேறு என்று நோர்வே அறிஞர் யோகான் கால்ற்றுங் 1976-இல் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு மனம் எங்ஙனம் பழகவேண்டும் என்பதை, ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்கம்’ நுணுகி உரைக்கின்றது. இவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். மைத்திரித் தியானம் செய்வோன் முதலில் தன்னையும், பின்பு அன்புக்குரியவரையும், அதன்பின் அயலாரையும், இறுதியிலேயே பகைவரையும் நினைக்கவேண்டுமாம். பகைவரிடம் தொடங்கலாகாது.

நால்வரும் ஒருங்கிருக்கும்போது கள்வர் வந்து, பலியிட ஒருவரைத் தருக என்று கேட்கின்றனர் எனக் கொள்வோம். பகைவனைக் கொண்டுபோங்கள் என்று எண்ணுபவன் உள்ளத்தில் எல்லை உடையவில்லை. என்னைக் கொண்டுபோங்கள் என்று எண்ணினும் உடையவில்லை! தியாகத்தையே குறையாகக் கண்ட இந்நுட்பம் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

இத்துறையில் இறங்க விரும்புவோர் பாளியை முதலிலும் சிங்களத்தை அடுத்தும் கற்றல் நலம். பாளி இலக்கணம் வடமொழியினும் எளிது. பட்டம் பெறும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.