கரியாலூர் பிட்ச் ஏன் பெயர்ந்தது?

“போன சீசனுக்காகக் கீழேயிருந்து ஏரிக் கரம்பை ஏற்றி வந்து, எங்கள் செம்மண் தரைமேல் இரண்டு அங்குலம் பரப்பி, நாள் முழுக்க ரோலர் இழுத்தோம். மாசி வெயிலில் மேல்மண் தட்டுத்தட்டாகப் பெயர்ந்துவிட்டது. தரம்சாலாவில் போட்ட ஹைபிரிட் பிட்ச்தான் இதற்கு வழியா?” என்று மலை ஊரான கரியாலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அது வழியல்ல. 2024 மே மாதம் தரம்சாலாவில் அறிமுகமான அந்தப் பிட்சில் செயற்கை இழை 5 சதவீதம்தான். மீதியெல்லாம் வழக்கமான புல்லும் மண்ணும். இழை தேய்மானத்தைக் குறைக்கும். பொருந்தாத மண்ணைப் பொருத்தித் தராது. விளம்பரம் முழுக்க அந்த 5 சதவீதத்தைப் பற்றியே இருக்கிறது. பந்து எப்படி எழும்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது மற்ற 95.

கரம்பையில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமம். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகடுகளுக்கு நடுவிலும் தண்ணீர் நுழையும். ஒரு கிராம் சுத்தமான ஸ்மெக்டைட்டின் தகடுகளைப் பிரித்துப் பரப்ப முடிந்தால் மொத்தப் பரப்பு 700, 800 சதுர மீட்டர் வரும். 22 கெஜ நீளமும் 10 அடி அகலமும் உள்ள பிட்சின் பரப்பு சுமார் 61 சதுர மீட்டர். ஒரு கிராம் களிக்குள் பத்துப் பிட்சுக்கு மேல் மடிந்து கிடக்கிறது! செம்மண்ணில் பெரும்பாலும் இருக்கும் கயோலினைட்டுக்கோ கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர்தான். அதன் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் இடையில் தண்ணீருக்கு இடமில்லை. ஆகவே கரம்பை நனைந்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். செம்மண் அவ்வளவாக அசையாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், காயும்போது மேலது சுருங்கும், கீழது நின்ற இடத்திலேயே நிற்கும், நடுவில் விட்டுப்போகும். உங்கள் பிட்சில் நடந்தது இதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், மண் காயும் விதம். மண்ணுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதோடு ரோலரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன்பின் இறுக்குவது தண்ணீர். துகள்களுக்கிடையில் மிஞ்சும் நீர்ப்படலம் வளைந்து, இருபுறத் துகள்களையும் தன் பக்கம் இழுக்கிறது. காயக் காயப் படலம் மெலிகிறது, இழுவை ஏறுகிறது. செடி வாடி மீளாத நிலைக்கு வரும்போது அந்த இழுவை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 15 மடங்கு! நாலு அங்குல ஆழத்தில் எந்தப் பிட்ச் ரோலரும் இப்படி அழுத்த முடியாது.

ஆனால் வெயில் மேலிருந்துதான் காய்ச்சும். மேல் அங்குலம் காய்ந்ததும் கீழே உள்ள ஈரம் வெளியேறுவது குறைந்துபோகிறது. மேலே கெட்டி, கீழே சேறு. இதைச் சரிசெய்வது அருகம்புல். அதன் வேர் ஆழத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றிவிடும். மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பெரிய மைதானங்களில் பெர்முடா புல் என்கிறார்களே, அது நம் வரப்பு அருகுதான்.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், எப்படிக் காயவிட வேண்டும் என்பதை அப்பளம் இடுகிறவர்களிடம் கேளுங்கள். உளுந்து மாவில் தண்ணீர் குறைந்தால் உதிரும். கூடினால் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ரோலரில் மண் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்பளத்தை நேர்வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும், நிழலில் உலர்த்தினால் தட்டையாக நிற்கும். பிட்சையும் முதல் சில நாள் கோணி போர்த்தி மெதுவாகத்தான் காயவிட வேண்டும். பொரிக்கும்போது உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி அப்பளத்தை உப்பவைக்கிறது. பிட்சுக்குள் மிஞ்சிய ஈரம் பந்தின் வேகத்தை விழுங்கிவிடுகிறது.

வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். மண்ணை அழுத்துவதற்கென்று ஓர் உகந்த ஈரம் உண்டு என்பதை 1933-இல் அளந்து காட்டியவர், அணைக்கட்டு வேலையில் இருந்த கலிஃபோர்னியப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர். வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் ஆடம்ஸ், ஸ்டூவர்ட் என்ற மண்ணியலாளர்கள் இருவரும் 1960-களில் மண்ணை உருட்டிக் காயவைத்து, எவ்வளவு எடையில் உடைகிறது என்று பார்த்துப் பிட்ச் மண்ணைத் தரம் பிரித்தார்கள்.

டி.வி. வர்ணனையில் ‘செம்மண் என்றால் பவுன்ஸ், கரிசல் என்றால் சுழல்’ என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சேப்பாக்கத்தில் இரண்டு வகைப் பிட்சும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடன் அங்கு நடந்த டெஸ்ட் செம்மண் பிட்சில் ஆடப்பட்டது. முதல் இன்னிங்ஸில் ஹசன் மஹ்முத் வேகத்தில் 5 விக்கெட் எடுத்தார். கடைசி இன்னிங்ஸில் அஸ்வின் சுழலில் 6 எடுத்தார். ஒரே மண்தான். இடைப்பட்ட நாட்களில் அது காய்ந்தது, தேய்ந்தது. சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. களி எவ்வளவு, என்ன வகை என்பதை நிறம் உறுதியாகச் சொல்லாது.

கரியாலூருக்கு என் யோசனை இது. பரப்பிய கரம்பையை முழுக்க வழித்தெடுங்கள். ஐந்தாறு அங்குலம் வெட்டி, அடித்தரையைக் கொத்திவிட்டு, அடி முதல் மேல் வரை ஒரே மண்ணால் நிரப்புங்கள். இரண்டிரண்டு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கீறிவிட்ட பிறகே அடுத்தது. ஆடி, ஆவணியில் அருகு நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் இறங்கிவிடும். ரோலர் தை பிறந்த பிறகுதான், அதுவும் காலைப் பனி காய்ந்தபின். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோவுக்கு மேல் எடை. தொடக்கத்துக்கு அது தாராளம். போகப்போக எடையைக் கூட்டுங்கள். வேகமாக இழுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எடுக்கப்போகும் மண்ணில் கைப்பிடி பிசைந்து கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பிறகு கெட்டியான தரையில் வைத்துக் குதிகாலால் மிதியுங்கள். லேசாக மிதித்ததுமே பொடிந்தால் அந்த மண் வேண்டாம். ஆள் எடை முழுக்க ஏறும்வரை தாங்கினால், உரிய அனுமதி வாங்கிக்கொண்டு டிராக்டருக்குச் சொல்லலாம்.