கருவால் மூக்கனும் ஒல்லாந்தின் ஈரப் புல்வெளிகளும்

ஒல்லாந்திற் கரைகட்டி, வாய்க்கால் வெட்டி, நீரை இறைத்து ஆக்கப்பட்ட பசும்புற்றரைகள் கறவை மாடுகளுக்கென அமைந்தவை. உழவர் கருதாதிருக்கவே கருவால் மூக்கன் என்னும் நெடுங்காற் பறவையும் அவற்றிற் குடிபுகுந்தது. மாரிக்காலத்தில் மன்னார் வங்காலைப் பகுதியிற் காணப்படும் இனமே இது. எனினும் ஈண்டு வருவன ஆசியாவிற் பிறந்தவை. ஒல்லாந்தர் 2015இல் இதனைத் தம் தேசியப் பறவையாகத் தெரிந்தெடுத்தனர். அக்காலத்தில் அது அருகிக்கொண்டிருந்தது. 1960களில் ஏறத்தாழ 1,20,000 இணைகள் அந்நாட்டிற் கூடுகட்டின. 2015 அளவில் ஏறத்தாழ 33,000 இணைகளே எஞ்சின.

வேட்டையினும் வேளாண்மை மாற்றமே இதற்குப் பெருங்காரணமாயிற்று. மூக்கனின் நீண்ட அலகு ஈரமண்ணிற் புகுந்து மண்புழுவைப் பற்றுவது. பாரமான பொறிகள் வயலில் இறங்கும்பொருட்டு வாய்க்காலின் நீர்மட்டம் தாழ்த்தப்படவே, மேல்மண் உலர்ந்து இறுகியது. புழுக்கள் ஆழஞ் சென்றன. உரமிட்ட ஒரேவகைப் புல் விரைந்து வளர, யூன் மாதத்தில் நிகழ்ந்த முதலறுப்பு மே தொடக்கத்துக்கு முந்திவிட்டது. குஞ்சு பொரிக்குங் காலமும் அதுவே. பொரித்த குஞ்சு ஒரு நாளுக்குள்ளே கூட்டை விட்டு நீங்கும். தாய் அதற்கு ஊட்டுவதில்லை. ஏறத்தாழ நான்கு வாரம் பறக்கமாட்டாது, புற்களிடையே பூச்சிகளைத் தானே தேடித் தின்று திரியும். ஆபத்து வரின் பதுங்குதல் அதன் இயல்பு. பருந்தினின்று காக்கும் அவ்வியல்பே அறுப்புப் பொறியின்முன் அதற்குக் கூற்றாகின்றது.

முதலில் மேற்கொண்ட பரிகாரம், உழவருக்குப் பணங் கொடுத்து அறுப்பைப் பிற்போடுவித்தலாகும். அவ்வாறு உடன்பட்ட வயல்களிற் புல்வெளிப் பறவைகள் மிகவில்லை என 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வியப்பதற்கில்லை: நாளைத் தள்ளிவைத்தனர், நீரை உயர்த்தினாரல்லர். உரம் மிகுந்த உலர்நிலத்தில் அறுக்காதுவிட்ட புல், குஞ்சு புகுந்து நடக்கவும் இடமளியாது அடர்ந்துவிடும்.

ஆதலின் இன்று சீர்திருத்தம் நீரிலிருந்து தொடங்குகின்றது. பெப்புருவரி முதல் வயலின் ஒரு பகுதியிற் சில அங்குல நீரைத் தேக்குவர். மேற்காபிரிக்க நெல்வயல்களிலும் இசுப்பானியாவிலும் மாரியைக் கழித்து மீளும் பறவைகள் ஆங்கே இளைப்பாறி இரைதேடும். இரசாயன உரம் குறையப் பூஞ்செடிகளும், அவற்றோடு பூச்சிகளும் மீள்கின்றன. யூன் நடுப்பகுதிவரை அறுப்பதில்லை.

ஆயினும் ஒருவன் தன் வாய்க்காலை உயர்த்தினால் அயலான் வயலும் நனையும். வரம்பு வழக்குகளை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இது விளக்க வேண்டியதன்று. இக்காரணத்தாலும் 2016 முதல் தனியாரோடன்றி உழவர் கூட்டுச் சங்கங்களோடே உடன்படிக்கை செய்யப்படுகின்றது. ஈரவயலிற் கிடைக்கும் புல் சத்துக் குறைந்தது, பாலும் குறையும். அவ்விழப்பை ஈடுசெய்யும் உடன்படிக்கை பெரும்பாலும் ஆறாண்டுக்குரியது. மூக்கனோ முன்பு கூடுகட்டிய இடத்தையே ஆண்டுதோறும் நாடி வருவது.