திசைகாட்டியும் ஒலிபெருக்கியும்

சிறு பாய்மரப் படகில் கடற்பயணம் செய்வோர், இசை கேட்டு மகிழ ஸ்டீரியோவும் ஒலிபெருக்கிகளும் பொருத்திக்கொள்வதுண்டு. 12 வோல்ட் மின்கலமே அதற்குப் போதும். ஆனால் பொருத்தும் இடத்தில் கவனம் வேண்டும். ஒலிபெருக்கியினுள் காந்தம் இருக்கிறது. திசைகாட்டியின் அருகே அதை வைத்தால், முள்ளைத் தன்பால் இழுத்துவிடும். இசையை நிறுத்தினாலும் அவ்விழுப்பு நிற்பதில்லை. மாலுமியோ நேர்வழி செல்வதாகவே நம்பியிருப்பார். முள் 5 பாகை பிசகினால், 12 கடல் மைல் கடந்ததும் ஏறக்குறைய 1 மைல் விலகியிருப்பார். அங்கே பாறையும் இருக்கலாம்! ஆகவே ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்து, முள் அசைகிறதா என்று பார்த்த பின்னரே திருகாணியை முடுக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும் இசை ஒலிக்கட்டும். அது இறைவனின் கொடையே. ஆயினும் நம் பிள்ளைகளின் மனச்சான்றுக்கு அருகில் எவற்றை வைத்திருக்கிறோம்? இன்றிரவு குடும்பச் செபத்திற்குமுன் சற்றே எண்ணிப் பார்ப்போம்.