எட்னா லூயிஸின் அடுக்களை

சமையற் புத்தகம் என்றால் அளவுகளும் பக்குவங்களும் அடங்கிய ஒரு ஜாபிதா என்றே நம்மில் பலர் எண்ணிவருகிறோம். அது ஒரு ஜனசமூகத்தின் சரித்திரமாகவும் அமையக்கூடும் என்பதைத் தம் எழுத்தால் நிரூபித்தவர்களுள், அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பரினத்தில் தோன்றிய எட்னா லூயிஸ் என்ற மாதரசியை முதல் வரிசையில் வைத்து எண்ணவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஆரஞ்சு ஜில்லாவைச் சேர்ந்த ஃப்ரீடவுன் என்னும் சிற்றூரில் 1916-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் பிறந்தார். உள்நாட்டு யுத்தத்தின் முடிவில் அடிமைத் தளையினின்று விடுபட்ட சில குடும்பங்கள் கூடி அமைத்துக்கொண்ட ஊர் அது. அமைத்தவர்களுள் அவருடைய பாட்டனாரும் ஒருவர். உப்பும் சர்க்கரையும் போன்ற சிலவற்றைக் கடையில் வாங்கியதன்றி மற்றவற்றையெல்லாம் தாங்களே விளைத்தும், வளர்த்தும், காட்டில் பறித்தும், ஓடையில் பிடித்தும் உண்டு ஜீவித்த அந்த மக்களிடையே, தாயார் விறகடுப்பில் சமைப்பதை அருகிலிருந்து கவனித்தே அந்தச் சிறுமி பாகசாஸ்திரத்தைக் கற்றாள்.

தகப்பனார் காலமான பின்பு, பதினாறு வயதளவில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, வாஷிங்டன் வழியாக நியூயார்க் நகரம் சேர்ந்த அவருக்கு முதலில் கிடைத்தது சலவைக் கடையில் இஸ்திரி போடும் உத்தியோகம். அதற்கு முன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டறியாத காரணத்தால் மூன்று மணி நேரத்திலேயே அது பறிபோயிற்று. கம்யூனிஸ்டுகளின் நாளேடாகிய டெய்லி வொர்க்கரிலும் சிலகாலம் வேலை பார்த்தார். தையற் கலையில் தேர்ச்சி பெற்று, நடிகை மர்லின் மன்றோவுக்குக்கூட உடை தைத்துக் கொடுத்தார்.

1940-களின் இறுதியில், ஜான் நிக்கல்சன் என்ற பழம்பொருள் வியாபாரி மன்ஹாட்டனில் ஒரு சிறிய உணவு விடுதியைத் தொடங்கியபோது, சிநேகிதராகிய எட்னா அதன் சமையற் பொறுப்பை ஏற்றதோடு பங்காளியாகவும் சேர்ந்துகொண்டார். தொழில்முறைச் சமையற் பள்ளி எதிலும் பயிலாத ஒரு கறுப்பினப் பெண், ஆண்களின் ஏகபோகமாக விளங்கிய தலைமைச் சமையற்காரர் பதவியில், அதுவும் நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய தேசத்தில், அமர்ந்தது சாமானியமான காரியமன்று. மூலிகை மணக்கும் வாட்டிய கோழி, வாயிலிட்டதும் கரையும் சாக்லேட் ஸூஃப்லே என்று எளிய வகைகள் சிலவற்றையே அவர் செய்தளித்தார். அவற்றை உண்ணுவதற்கு ஃபாக்னர், டென்னஸி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி போன்ற எழுத்தாளர்களும் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரும் தேடி வந்தனர்.

1950-களின் நடுவில் அவர் விடுதியைவிட்டு விலகினார். பின்னர் கணவருடன் சேர்ந்து நியூஜெர்ஸியில் ஃபெஸண்ட் பறவைப் பண்ணை வைத்ததும், வியாதி கண்டு பறவைகளெல்லாம் மாண்டதும், பிறகு அவர் சமையல் வகுப்பு நடத்தியதும் விரித்துரைக்க வேண்டாதவை. முதிய வயதில், 1988-ஆம் வருஷம், புரூக்லினின் புராதன விடுதியாகிய கேஜ் அண்டு டால்னரில் தலைமைச் சமையற்காரராக அமர்ந்து மீண்டும் பிரசித்தி அடைந்தார். தம்மைவிட ஏறத்தாழ ஐம்பது வயது இளையவரான ஸ்காட் பீகாக் என்ற வெள்ளையினச் சமையற் கலைஞருடன் சேர்ந்து 2003-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த இளைஞரே கடைசிக் காலத்தில் அவரைப் பராமரித்தார். 2006-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் காலமான அவருக்கு 2014-இல் அமெரிக்கத் தபால் இலாகா தபால்தலை வெளியிட்டுக் கௌரவம் செய்தது.

உத்தியோகங்களும் கௌரவங்களும் இருக்கட்டும். அவர் பெயரை நிலைநிறுத்தியது 1976-இல் வெளிவந்த ‘தி டேஸ்ட் ஆஃப் கண்ட்ரி குக்கிங்’ என்ற நூல்தான். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், வேறொருவரின் துணைகொண்டு அவர் எழுதிய முதல் நூல், நன்றாயிருந்தும் யாரும் எழுதக்கூடியதாகவே இருந்தது. அடுத்த நூலைப் பற்றிப் பேசவந்தபோது, அவர் வாய்மொழியாக வர்ணித்த பிள்ளைப்பிராயத்து நினைவுகளைக் கேட்டு வியந்த ஜூடித் ஜோன்ஸ் என்ற கைதேர்ந்த பதிப்பாசிரியர், பேசுவதையே சொந்த நடையில் எழுதும்படி தூண்டினார்.

அதன் பயனாக விளைந்த நூல் ருதுக்களின் வரிசையில் அமைந்தது. வசந்தத்தில் ஆட்டு ரோமம் கத்தரித்த நாளின் விருந்து, கோடையில் கோதுமை அறுவடைக்காரர்களுக்கு இடும் மத்தியான போஜனம், ஊரார் ஒன்றுகூடிப் பன்றி அடித்து இறைச்சியைப் பதப்படுத்தும் நாட்கள் என்று, உழைப்பும் உணவும் பிரியாமல் அதில் விரிகின்றன. அளக்கும் கரண்டி இல்லாத வீட்டில் பேக்கிங் பவுடரை நாணயத்தின்மீது குவித்து அளந்த விதத்தையும், கேக் வெந்ததா என்பதை அதன் அருகே காதை வைத்து, உள்ளிருந்து எழும் சலசலப்பு அடங்குவதைக் கொண்டு அறியும் உபாயத்தையும் அவர் சொல்லும்போது, எண்ணெயின் ஓசை அடங்கியதும் முறுக்கை எடுக்கும் நம் பாட்டிமார்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றமாட்டார். கடையில் விற்கும் பேக்கிங் பவுடரில் உலோகச் சுவை தட்டுகிறதென்று அதையும் அவர் தாமே கலந்துகொண்டார். சிலருக்கு இது அதீதமாகப் படலாம், எனக்கு அது நாவின் நேர்மையாகவே படுகிறது.

இந்நூலில் இல்லாத ஒன்றும் கவனிக்கத் தக்கது. அமெரிக்க இல்லங்களிலெல்லாம் நவம்பர் மாதத்தில் வான்கோழி சமைத்துக் கொண்டாடுகிறார்களே, அந்த நன்றியறிதல் பண்டிகைக்கு இதில் தனி விருந்து கிடையாது. இலையுதிர் காலப் பகுதியில், கினிக்கோழியை முக்கியப் பதார்த்தமாகக் கொண்டு அவர் வகுத்திருப்பது அடிமைகள் விடுதலை பெற்ற நாளின் விருந்து. அமெரிக்கா தன் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவைக் கோலாகலமாகக் கொண்டாடிய வருஷமும் இந்நூல் வெளிவந்த அந்த 1976-தான்.